மூக்குடைந்த பேடில்போர்டு: வீட்டில் ஒட்டுவதா, பட்டறையில் கொடுப்பதா, கடலோரத்துக்கு அனுப்புவதா?

கார் நின்றால் அதன் மேல் கட்டிய பத்தரை அடிப் பலகையும் அங்கேயே நின்றுவிடும் என்று கை ஒரு நாள் நம்பிவிடும். எனக்கு அந்த நாள் போன டிசம்பரில் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவுக்குள் வழக்கம்போல வண்டியை விட்டேன். பம்பருக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம் இருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த பேடில்போர்டின், அதாவது மேலே நின்றபடி துடுப்புப் போடுகிற பலகையின், மூக்குக்கு அந்த இரண்டடி போதவில்லை. கோயில் வாசலில் சிதறுகாய் உடைக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, ஃபைபர் கதவு ஒடைஞ்சிருச்சா?" என்றார்.

இறக்கிப் பார்த்தேன். மூக்கில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடியிழைத் தோல் நொறுங்கி உள்வாங்கியிருந்தது. பிளவுக்குள் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். பலகையைத் திருப்பினால் அடியில் இன்னும் இரண்டு பழைய காயங்கள். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை விரிசல், ஃபின் பாக்ஸ் (அடியில் மீன் செதில் மாதிரி நீட்டும் ஃபினைச் செருகும் பெட்டி) ஓரத்தில் ஒரு பிளவு. இரண்டுமே ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்துக் குட்டையில், பாறை மேல் ஏறியபோது வந்தவை. ஆக ஒரே பலகையில் மூன்று விதமான சேதம். மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வியே இல்லை. சர்ஃபிங் நடக்கிற ஊர்களில் பலகை ஒட்டத் தெரிந்த கை ஒன்றாவது இருக்கும். நமக்குச் சென்னை ஏறக்குறைய 340 கிலோமீட்டர், புதுச்சேரி இருநூறுக்கு மேல். எனவே நான்கு வழிகளை எடைபோட வேண்டியிருந்தது: ஊரில் உள்ள ஃபைபர் பட்டறை, வீட்டிலேயே எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்), வெயிலில் இறுகும் டியூப் ரெசின், கடலோரத்துக்குப் பார்சல். கூடவே, வீட்டு அலமாரியில் இருந்து கொண்டு நம்மை ஆசைகாட்டும் அரால்டைட், எம்-சீல் வகையறா.

விலையை வைத்து இவற்றை ஒப்பிட ஆரம்பித்தால் தப்பான முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம். முதலில் பார்க்க வேண்டியது பலகையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது.

வெளித்தோல் எல்லாப் பலகைக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்: கண்ணாடியிழைத் துணி, அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின். உள்ளே இருப்பது இரண்டில் ஒன்று. ஒன்று பாலியூரித்தேன் நுரை. அதன் மேல் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின் போட்டிருப்பார்கள். இன்னொன்று இபிஎஸ், அதாவது நாம் தெர்மாகோல் என்று சொல்கிற அதே பொருள். அதன் மேல் எபாக்ஸி. அலைச்சறுக்குப் பலகைகளில் பாலியூரித்தேன்தான் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அந்த நுரைக்கட்டைகளை உலகத்துக்கே வார்த்துக் கொடுத்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு தெர்மாகோல், எபாக்ஸி பக்கம் பலர் திரும்பினார்கள். நின்று துடுப்புப் போடும் பேடில்போர்டு பெரியது, அதோடு கனமில்லாமலும் இருக்க வேண்டும். அதனால் கெட்டியான பேடில்போர்டுகள் அநேகமாக எல்லாமே தெர்மாகோல் வயிறுதான். காற்றடிக்கிற ரப்பர் வகைக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. அது பிவிசி, அதன் பசையே வேறு.

எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. உடைந்த இடத்தில் உப்புத்தாளை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மைதா மாதிரி நைசாக, கொஞ்சம் மஞ்சளாகத் தூள் கொட்டினால் பாலியூரித்தேன். மணிமணியாக உருண்டு கையில் ஒட்டிக்கொண்டால் தெர்மாகோல். மேல்பக்கத்தில் கைப்பிடிக்குப் பக்கத்தில் காற்று போவதற்கென்று ஒரு சின்னத் திருகு இருந்தால் அதுவும் தெர்மாகோல் என்பதற்கு நல்ல அடையாளம்.

இப்போது பட்டறைக்குப் போவோம். சேலம், நாமக்கல் பக்கம் ஃபைபர் வேலைக்குப் பஞ்சமில்லை. கதவு, தண்ணீர்த் தொட்டி, பஸ் முகப்பு, திருவிழா பொம்மை என்று வாரிக்கொட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் மூக்கைக் காட்டினேன். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேர வேலைங்க சார். ரெண்டு மேட் ஒட்டி ஜெல்கோட் அடிச்சுட்டா புதுசு மாதிரி இருக்கும்" என்றார்.

"அண்ணா, உள்ள தெர்மாகோல்."

"தெர்மாகோலா? அப்ப ஆகாதுங்க. தின்னுரும்."

எப்படித் தின்னும் என்று பார்க்க ஆசை. ஃப்ரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோல் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதன் மேல் பிரஷ்ஷில் இருந்த ரெசினை ஒரு சொட்டு விட்டார். ஒரு சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அந்தச் சொட்டு அப்படியே கீழே இறங்க ஆரம்பித்தது. சூடான பாயசத்தில் போட்ட வெல்லம் போல ஓரங்கள் வழிந்து, டீ குடித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் நுழைகிற பள்ளமாகிவிட்டது. காரணம் எளிது. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரின் கலந்திருக்கிறது. தெர்மாகோல் என்பதே ஸ்டைரினால் ஆன பாலிஸ்டைரின். இனம் இனத்தோடு கரைந்துவிடும். கார் டிங்கரிங் கடைகளில் பட்டி பார்க்கிற பாலியஸ்டர் பட்டிக்கும் இதே குணம்தான். சூப்பர் க்ளூ கூடத் தெர்மாகோலை அரித்துவிடும். பள்ளிக்கூட ப்ராஜெக்ட் ஒட்டிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

பட்டறைக்காரரிடம் ஒரு மாற்று வழி இருந்தது. திருவிழா பொம்மைகளைத் தெர்மாகோலில் செதுக்கி, மேலே காகிதமும் பசையும் பூசி மூடிவிட்டு அதற்கு மேல் ஃபைபர் போடுவார்களாம். அதேபோலச் செய்யலாமே என்றார். பொம்மைக்கு அது சரி, பொம்மை தண்ணீரில் மிதக்க வேண்டியதில்லை. பசை விட்டுப்போன ஊசிமுனை அளவு இடம் போதும், ரெசின் உள்ளே இறங்கிக் குகை தோண்டிவிடும். அது மட்டுமில்லை. காய்ந்த எபாக்ஸித் தோல் மேல் பாலியஸ்டர் உறுதியாகப் பிடிப்பதில்லை, நாளாவட்டத்தில் பொருக்கு போல் உரியும். எபாக்ஸி அப்படி இல்லை, நன்றாகத் தேய்த்துவிட்டால் பாலியஸ்டர் மேலும் பிடிக்கும், எபாக்ஸி மேலும் பிடிக்கும்.

அதற்காகப் பட்டறையை ஒதுக்கிவிட வேண்டாம். உங்களிடம் இருப்பது கடலோரத்தில் பழையதாக வாங்கிய, மஞ்சள் பூத்த பாலியூரித்தேன் சர்ஃப் பலகை என்றால் எனக்குத் தெரிந்து பட்டறையைவிட நல்ல வழி இல்லை. பாலியஸ்டர் மலிவு, எபாக்ஸி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை. அவர்கள் கையும் பழகிய கை. ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: கதவுக்குப் போடுகிற தடித்த மேட் (நெய்யாத கண்ணாடியிழைப் பாய்) வேண்டாம், நெய்த துணி போதும். மேட் ரெசினைக் குடித்துக் குடித்துக் கனமாகும். பலகையின் ஒரு பக்கம் கனத்துவிடும். மெல்லிய நெய்த துணி இரண்டு அடுக்கு போட்டால் மெலிதாகவும் இருக்கும், வலுவும் வரும்.

பாலியஸ்டரை வீட்டில் நாமே கலக்கலாமா? பாலியூரித்தேன் பலகைக்குக் கலக்கலாம்தான். ஆனால் சில்லறையில் வாங்கினால் ரெசின், அதை வேகப்படுத்தும் கோபால்ட், இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் என்று மூன்று பாட்டிலாகத் தருவார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து முடித்துவிட்டு, பிறகே கேட்டலிஸ்ட். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குவது உத்தமம். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஸ்டைரின் வாடை வேறு வீட்டுக்குள் இரண்டு நாள் குடியிருக்கும். எங்கள் வீட்டில் இதற்கு அனுமதி கிடைத்திருக்காது.

என் மூக்குக்கு எபாக்ஸிதான் என்று முடிவானது. இதில்தான் நான் அதிகம் கற்றேன், அதிகம் சொதப்பியதும் இதில்தான்.

ஒட்டுவதற்கு முன்னால் காயவைக்க வேண்டும். இது யாருக்கும் பிடிக்காத பகுதி. தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே அழகாக மூடிவிட்டால் அது உள்ளேயே சிறைப்பட்டு, பலகை வெயிலில் சூடாகும்போது ஆவியாகித் தோலை உள்ளிருந்து தள்ளும். மூக்கு உடைந்தது வீட்டில்தானே, தண்ணீர் ஏது என்று அசட்டையாக இருந்தேன். குளியலறைத் தராசில் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வாங்கியபோது எழுதிவைத்த எடையைவிட 600 கிராம் கூடுதல். அடியில் இருந்த பழைய விரிசல் தோட்டத்துக் குட்டையை மெதுவாகக் குடித்திருக்கிறது! இரண்டு காயமும் கீழ்நோக்கி இருக்கும்படி ஒருக்களித்து நிறுத்தி, திருகைக் கழற்றிவிட்டு, ஃபேன் போட்டேன். ஓட்டையின் மேல் டிஷ்யூ காகிதம் ஒன்றை ஒட்டி ராத்திரி விட்டால், காலையில் அது ஈரமா இல்லையா என்று தெரிந்துவிடும். பதினோரு நாள் ஆனது. கடல்தண்ணீர் போயிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுக் காயவைக்க வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு நொறுங்கிய தோலைப் பிளேடால் வெட்டி எடுத்தேன். சுற்றிலும் மூன்று சென்டிமீட்டருக்கு 80 நம்பர் உப்புத்தாள் போட்டுப் பளபளப்புப் போகத் தேய்த்தேன். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கண்ணாடியிழைத் தூள் காஞ்சொறிச் செடி பட்ட மாதிரி அரிக்கும். அரித்தால் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். பள்ளத்துக்கு ஃப்ரிட்ஜ் பெட்டித் தெர்மாகோலிலிருந்தே ஒரு கட்டையை ஆக்சா பிளேடால் அறுத்து, எபாக்ஸி தடவிப் பதித்து, மறுநாள் மூக்கு வடிவத்துக்கு இழைத்தேன். முழுப் பள்ளத்தையும் ரெசினாலேயே நிரப்பினால் கனம் ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம். எபாக்ஸி மொத்தமாக ஒரே இடத்தில் இறுகும்போது கொதிக்கும், அந்தச் சூடே தெர்மாகோலை உருக்கிவிடும்.

அடுத்தது அளவு. பாலியஸ்டரில் கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும், குறைந்தால் தாமதமாகும், அவ்வளவுதான். எபாக்ஸியில் அந்தச் சலுகை கிடையாது. ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் சொன்ன விகிதத்தில் சேர்ந்தால்தான் இரண்டும் முழுதாகத் தீரும். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கடைசிவரை ரப்பராகவே நிற்கும். சில எபாக்ஸிகளுக்குக் கன அளவில் இரண்டுக்கு ஒன்று. நான் வாங்கியதற்கு எடையில் 100க்கு 10. என் மூக்கு ஒட்டுக்குத் தேவை 30 கிராம் ரெசின், 3 கிராம் ஹார்ட்னர். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். மூன்று கிராமில் ஒரு கிராம் பிசகினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

இதற்குச் சேலத்தில் வழி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற என் நண்பன் வெள்ளி நிறுக்கும் சின்னத் தராசைக் கொடுத்தான். கொடுக்கும்போதே, "தட்டுல ஒரு சொட்டு ஒட்டுச்சு, நீதான்டா புதுத் தராசு வாங்கித் தரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தான். தராசுக்கு பாலித்தீன் பை சுற்றி, டீக்கடைக் காகிதக் கப்பை வைத்து, சைபரில் நிறுத்தி, ரெசினைத் தேன் மாதிரி இழையாக விட்டேன். 30.0 வந்ததும் நிறுத்திவிட்டு, ஹார்ட்னரைச் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக. 32.9, 33.0. பிறகு மூன்று நிமிஷம் ஓரமும் அடியும் வழித்து வழித்துக் கிளறினேன். கலவை முதலில் நூல் நூலாகக் கலங்கித் தெரியும். அந்தக் கோடுகள் எல்லாம் மறைந்து கண்ணாடி போலத் தெளிந்தால்தான் கலந்தது என்று அர்த்தம். அவசரப்படுகிறவர்களின் ஒட்டு பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது.

துணி 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), நெய்தது, இரண்டு துண்டு. சின்னது முதலில், அதைவிட ஒரு விரற்கடை பெரியது மேலே. துணி நனைந்ததும் வெள்ளை நிறம் போய்க் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். வெள்ளையாக எங்கே நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து, மிச்ச ரெசினை வெளியேற்ற வேண்டும். கதவுக்குப் போடும் மேட்டை இங்கே போட்டுவிடாதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பல வகைகளில் ஸ்டைரினில்தான் கரையும், எபாக்ஸியில் அது விறைப்பாகவே நின்று வளைவில் படியாது.

நான் சொதப்பியது எதில் என்றால் இடத்திலும் நேரத்திலும். முதல் முறை ஒட்டியது ஏற்காட்டில். சேலத்துப் புழுக்கத்தைவிடக் குளிர்ச்சியான இடத்தில் நிதானமாக வேலை பார்க்கலாம் என்று தோட்டத்து வீட்டுக்குப் பலகையைக் கொண்டுபோய்விட்டேன். மார்கழி, மாலை நாலு மணிக்கே பனிமூட்டம். ஒட்டிவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலையிலும் பிசுபிசுப்பு, அதற்கு மறுநாளும் பிசுபிசுப்பு. மேலே மெழுகு தடவியது போல ஒரு வழுவழுப்பு வேறு. குளிரில் எபாக்ஸி தூங்கிவிடும். ஈரக்காற்றில் ஹார்ட்னரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து அந்த மெழுகுப் படலத்தை உண்டாக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால் படலம் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாளை அடைத்துக்கொள்ளும், அதன் மேல் அடுத்த பூச்சும் பிடிக்காது. என்னுடையது அடி வரைக்கும் இறுகவே இல்லை. முழுவதையும் சுரண்டி எடுத்தேன்.

இரண்டாம் முறை சேலத்தில், காலை பத்து மணிக்கு, மாடி நிழலில். இந்தத் தடவை இறுகியது, ஆனால் ஒட்டு முழுக்கக் கொப்புளம். வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருந்த காற்று விரிந்து, இன்னும் ஈரமாக இருந்த ரெசின் வழியாகக் குமிழ் விட்டிருக்கிறது. மூன்றாவது முறைதான் புத்தி வந்தது. சாயங்காலம் ஆறு மணி, வெப்பம் இறங்குகிற நேரம். இறங்கும்போது உள்காற்று சுருங்கும், ரெசினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒரு குமிழ் கூட இல்லை! ஒரே ரெசின்தான், முப்பது கிலோமீட்டர் மலையேறினால் ஒரு குணம், காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். சித்திரை வைகாசியில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பத்து டிகிரி கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். கலந்ததைக் கப்பிலேயே வைத்துக்கொண்டு போன் பேசினால் கப் புகைவிட ஆரம்பிக்கும். தட்டையான தட்டில் பரப்பிவிட்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

கையுறை போடாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். சிலருக்கு அது தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் போகாது. கையில் பட்டால் சோப்புத் தண்ணீர் போதும், தின்னர் போட்டால் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும்.

மூன்று ஒட்டும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நேரம்தான் பெரிய செலவு. ஆனால் மிச்சமிருக்கிற எபாக்ஸி இன்னும் நாலு மூக்கு ஒட்டக் காணும்.

அடுத்த வழி, வெயிலில் இறுகும் டியூப் ரெசின். கலக்க ஒன்றும் இல்லை. நிழலில் பிதுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நீவி, வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஐந்து நிமிஷத்தில் கல். புற ஊதாக் கதிர்தான் வேலை செய்கிறது, சேலத்தில் அதற்குக் குறைவே இல்லை. மேகமாக இருந்தாலும் இறுகும், நேரம் மட்டும் கூடும். அடிப்பக்கத்து மயிரிழை விரிசலை நான் இதில்தான் மூடினேன். தராசு, கப், சிரிஞ்ச் எதுவும் வேண்டாம். சாயங்காலம் தண்ணீரில் இறக்கலாம். ஆனால் இரண்டு விஷயம். டியூப்களில் பாலியஸ்டர் வகையும் உண்டு, எபாக்ஸிப் பலகைக்கு என்றே தனி வகையும் உண்டு. மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கினால் பட்டறையில் பார்த்த அந்தப் பள்ளம் உங்கள் பலகையில் தோன்றும். இன்னொன்று, கதிர் ஆழத்துக்குப் போகாது. தடிமனாகப் பூசினால் மேலே கல்லாகவும் கீழே கூழாகவும் இருக்கும். அதனால் மெல்லிய விரிசலுக்கு இதுதான் என் முதல் தேர்வு, பள்ளத்துக்கு ஆகாது. கிராம் கணக்கில் பார்த்தால் எல்லாவற்றிலும் விலை கூடியது இதுவே.

அரால்டைட் எபாக்ஸிதான், தெர்மாகோலைத் தின்னாது. ஆனால் அது கெட்டியான பசை, துணிக்குள் ஊறாது. ஐந்து நிமிஷ வகைகள் தண்ணீரில் கிடந்தால் நாளடைவில் தளர்ந்துவிடும். எம்-சீல் சிறு துளையை அடைக்கும், ஆனால் கனம், அதோடு பக்கத்துத் தோலைவிட விறைப்பு. பலகை வளையும்போது ஓரத்தில் பிளந்துவிடும். இரண்டும் பயணத்தில் ஆபத்துக்குப் பாவமில்லை என்கிற கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு டேப்பே மேல் என்பேன், பின்னால் சுத்தமாக உரித்து எடுத்துவிட்டு ஒழுங்காக ஒட்டலாம்.

கடலோரத்துக்கு எப்போது அனுப்புவது? பலகை இரண்டாக ஒடிந்தால், ஃபின் பாக்ஸ் ஆடினால், தோல் உள்ளிருந்து விட்டுக்கொண்டு உப்பினால். இந்த உப்பல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க்காரர்களுக்கென்றே வருகிற நோய்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கீழே இறுக்கி மூடிய பலகைக்குள் சேலத்துக் காற்று அப்படியே இருக்கும், அது விரியப் பார்க்கும். மலையில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. போதாததற்குக் கார் கூரையில் வெயில். திருகைக் கழற்றாமல் போனால் தோல் நுரையைவிட்டுப் பிரிந்து அப்பளம் மாதிரி எழும்பும். திரும்பக் குட்டையில் இறக்கும்போது நேர்மாறு: சூடான பலகை குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் உள்காற்று சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் கூடத் தண்ணீரை உறிஞ்சும். என் 600 கிராம் அப்படித்தான் உள்ளே போயிருக்க வேண்டும். காற்று மட்டும் தானாகப் போய்வரும் சவ்வு வைத்த பலகை என்றால் கவலையில்லை. திருகு வைத்தது என்றால் அடிவாரத்திலேயே கழற்றிவிட்டு, நிழலில் ஆறவைத்து, இறுக்கிவிட்டுத் தண்ணீரில் இறக்க வேண்டும். உப்பிய தோலில் ஊசி போட்டு எபாக்ஸி செலுத்தி மேலே கல்லை வைத்து அமுக்குவதை வீட்டில் செய்கிறவர்கள் உண்டு. கை அகலத்துக்கு என்றால் நானும் முயல்வேன். அதைவிடப் பெரிதென்றால் தோலை அறுத்துத் திறக்க வேண்டும், அது பழகிய கைக்கு உள்ள வேலை.

ஃபின் பாக்ஸும் அப்படியே. அது வெறும் தோல் கிடையாது, திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஃபினின் விசை முழுக்க அங்கே போய் நெம்பும். ஓரத்தில் மட்டும் ஒட்டினால் ஒரு மாதம் தாங்கும், பிறகு பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு வரும். என்னுடையதை விரலால் அசைத்துப் பார்த்தேன். லேசாக ஆடியது.

எனவே மூக்கு எபாக்ஸியில், மயிரிழை டியூப்பில், ஃபின் பாக்ஸ் மட்டும் கடற்கரைக்கு. மூன்று காயத்துக்கும் ஒரே இடம் என்று பிடிவாதமாக இருந்திருந்தால் எல்லாவற்றையுமே அங்கே அனுப்பியிருக்கலாம், பதினோரு நாள் ஃபேனும் மூன்று தடவை ஒட்டியதும் மிச்சம். அதில் எனக்கு வருத்தமில்லை. பார்சலுக்கு எடையைவிட இடத்துக்குத்தான் காசு. பத்தரை அடிச் சாமானை ஏற்றும் லாரி சர்வீஸ் எது என்று தேடுவதற்கே ஒரு நாள் போகும். மூக்குக்கும் வாலுக்கும் பழைய மெத்தை, நடுவில் அட்டைப்பெட்டி, சுற்றிலும் சாக்கு. மறக்காமல் திருகைத் தளர்த்தி வைத்தேன்.

பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதுகிறவர் மூட்டையை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சாமான்னு போடறதுங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபைபர் கதவு, ஒண்ணு" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். நான் திருத்தவில்லை.